சுகிர்தம் யாரிடம் தூங்குவாள்

மதுரை
9 ஜூலை 1934

அன்புள்ள அக்காவுக்கு எப்சிபாள் எழுதுவது.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் திருமங்கலம் தாண்டும்வரை அழுதுகொண்டுதான் வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் "யாரு தாயி செத்துப் போனா?" என்று கேட்டாள். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மிஷன் பள்ளிக்கூட விடுதி சுத்தமாக இருக்கிறது. என்னைப் போல விதவைகள் பலர் படிக்கிறார்கள். ஒரு வருஷம் முடித்தால் ஏதாவது ஓர் ஊரில் தாய்மார் சங்கம் நடத்தும் வேலையும், தங்க ஓர் அறையும் கொடுப்பார்கள். அப்போது சுகிர்தத்தை என்னோடு கூட்டிக்கொள்வேன். உங்கள் கொழுந்தனார் காலராவில் போன பிறகு எனக்கு இருக்கிற ஒரே வழி இது என்று உங்களுக்கும் தெரியும். விடுதியில் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. சேர்த்திருந்தால் இரண்டு வயதுப் பிள்ளையை உங்களிடம் விட்டுவிட்டு வந்திருப்பேனா? உங்களைக் குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் அவளை என்னைவிட நன்றாகப் பார்ப்பீர்கள் என்று ஊரே சொல்கிறது.

இங்கே முதல் வாரமே நமக்குத் தெரியாத நிறைய விஷயங்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுங்கள். கண்ணில் எண்ணெய் விடவேண்டாம், மூக்கில் ஊதவேண்டாம். முக்கியமாக, தோளில் போட்டுத் தட்டித் தூங்கவைக்க வேண்டாம். தனிப்பாயில் படுக்கவைத்து, ஜெபம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும். கொஞ்சநாள் அழும், பிறகு பழகிவிடும் என்று இந்தப் பள்ளியை நடத்தும் வெள்ளைக்காரத் துரைசானி அம்மாள் சொல்கிறார்கள்.

பஸ் புறப்படும்போது அவள் முகத்தை உங்கள் தோள்பக்கம் திருப்பிவிட்டீர்கள். பிள்ளை அழாமல் இருக்கத்தான் செய்தீர்கள். ஆனாலும் நான் கடைசியாகப் பார்த்தது அவள் பிடரியைத்தான்.

எப்சிபாள்

*

வேலாங்குளம்
30 ஜூலை 1934

பரம தயாபரரின் பெரிதான இரக்கத்தினாலே இவ்விடத்தில் யாவரும் சுகம். அவ்விடத்துச் சுகத்துக்கு மறுமொழி எழுத வேண்டியது. வேலாங்குளம் சபை உபதேசியார் கையால், முத்துத்தாய் தன் ஓரகத்தி எப்சிபாளுக்கு எழுதுவிப்பது யாதெனில்:

குழந்தை சுகிர்தம் ஆரோக்கியமாக இருக்கிறாள். கம்பங்கூழ் குடிக்கிறாள். உன் கடிதத்தைச் சனிக்கிழமை தாய்மார் சங்கக் கூட்டத்தில் உபதேசியார் சம்சாரம் வாசித்தார்கள். தண்ணீர் காய்ச்சுகிற சங்கதியைக் கேட்டு ராமக்காள், "வெறகு யாரு குடுப்பா?" என்று கேட்டாள். நான் காய்ச்சுகிறேன். என் வீட்டுக்காரர் பெரியவர் சோளத்தட்டை கொண்டுவந்து போடுகிறார்.

தனிப்பாயில் படுக்கவைத்தேன். நீ சொன்னபடி ஜெபமும் சொன்னேன். எழுந்து வரவில்லை. அவள் என் காதைப் பிடித்திருந்தாள். என் தொங்கு காதைச் சுருட்டிச் சுருட்டி விளையாடினால்தான் அவளுக்குத் தூக்கம் வருகிறது. உன் காது குட்டைக் காது, அதனால் உனக்கு இந்தத் தொல்லை இல்லை.

பெறாதவளுக்கு வளர்க்கத் தெரியாது என்று நினைத்துத்தான் அம்புட்டும் எழுதியிருக்கிறாள் போலும். (இந்த வரியை எழுத வேண்டாம் என்று பிறகு சொன்னாள். மைக்கூடு காய்கிறது, அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று நான் விட்டுவிட்டேன். உபதேசியார்.)

இப்படிக்கு,
முத்துத்தாய் கைநாட்டு

*

மதுரை
22 அக்டோபர் 1934

அக்காவுக்கு,

விடுமுறைக்கு வந்துவிட்டுத் திரும்பியதிலிருந்து எழுதவேண்டும் என்று நினைத்து, கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தேன். ஆறவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் வாசலில் வந்து நின்றதும் அவள் உங்கள் சேலைக்குள் புகுந்துகொண்டாள். சரி, பிள்ளைக்கு மறந்துவிட்டது என்று பொறுத்துக்கொண்டேன். அப்புறம் "மதுரை அம்மா" என்று கூப்பிட்டாள். யார் சொல்லிக்கொடுத்தது? நான் வாங்கிவந்த பொம்மையை உங்களிடம் கொண்டுபோய், "பெரியம்மா, இத வச்சுக்கிரவா?" என்று கேட்கிறாள். நீங்கள் தலையாட்டிய பிறகுதான் எடுத்துக்கொண்டாள். பெற்ற தாய் கொடுத்ததை வாங்க அனுமதி!

ராத்திரி நான் பக்கத்தில் படுத்தேன். இருட்டில் என் காதைத் தடவிப் பார்த்தாள். பிடித்துச் சுருட்ட அதில் ஒன்றும் இல்லை. எழுந்து உங்களிடம் போய்விட்டாள். நீங்கள் தூங்குவதுபோல் கிடந்தீர்கள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம். நம் சபையில் ஞானஸ்நானம் எடுத்த பெண்கள் தண்டட்டியைக் கழற்றிவிட்டாலும் காது மட்டும் தோள்வரை தொங்குகிறது. இப்போது மிஷன் ஆஸ்பத்திரியில் அந்தக் காதை நறுக்கித் தைத்துவிடுகிறார்கள். வலி அதிகம் இல்லை. திருமங்கலம் சபையில் பலபேர் தைத்துக்கொண்டார்கள். வேலாங்குளம் தாய்மார் சங்கத்தை நீங்கள்தான் முன்னின்று நடத்துகிறீர்கள் என்று துரைசானி அம்மாளுக்குத் தெரியும். முன்னிற்கிறவள் பழைய கோலத்தில் இருந்தால் நன்றாக இருக்காது. நான் டாக்டரம்மாளிடம் பேசிவைத்திருக்கிறேன். எந்தப் புதன்கிழமையும் வரலாம்.

எப்சிபாள்

*

வேலாங்குளம்
18 நவம்பர் 1934

எப்சி,

இது என் கையெழுத்து. சின்ன வயதில் மூன்றாம் வகுப்புவரை படித்தது துருப்பிடித்துக் கிடந்தது. உபதேசியார் சம்சாரம்தான் தேய்த்துக் கொடுத்தார்கள். உன் போன கடிதத்தை வாசித்த பிறகு இன்னும் வேகமாகப் படித்தேன். நான் உன்னை வைவதை உபதேசியார் எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும்?

என் காதைப் பற்றி எழுதியிருந்தாய். சின்னப்பிள்ளையில் காதைக் குத்தி, ஈயக் குணுக்கைத் தொங்கவிட்டு, சீழ் வைத்து, ராவெல்லாம் அழுது வளர்த்த காது. வேதத்துக்கு வந்தபோது தண்டட்டியைக் கழற்றிச் சபைக்குக் கொடுத்துவிட்டேன். அதற்கு நான் வருத்தப்பட்டது கிடையாது. இப்போது அந்தக் காதில் பொன்னும் இல்லை, பித்தளையும் இல்லை. உன் மகள் கைதான் தொங்குகிறது. அதுதான் உன் கண்ணை உறுத்துகிறது. அதைத் துரைசானி அம்மாள் பேரில் ஏற்றி எழுதினால் எனக்குத் தெரியாதா?

"மதுரை அம்மா" என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். "ஒனக்கு ஒரு அம்மா மதுரையில இருக்கு, படிக்குது, வரும்" என்று தினமும் விளக்கு வைத்ததும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் உன்னை யாரோ என்று நினைத்திருப்பாள். அதற்கும் வசவு எனக்கு.

நீ சொன்னது ஒன்று மட்டும் சரி. அன்றைக்கு நான் தூங்கவில்லை. அவள் எழுந்து என்னிடம் வருவாளா என்று கண்ணை மூடிக்கொண்டு காத்துக் கிடந்தேன். வந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்பட்டதற்கு மறுநாள் ஜெபத்தில் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

உனக்கு என்ன குறை? படிப்பு இருக்கிறது. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, கையில் பை. நீ கூட்டத்தில் பேசினால் பெண்கள் வாய் பிளந்து கேட்கிறார்கள். நீ எழுதி அனுப்புவதைத்தான் நான் இங்கே சொல்கிறேன். செல்லத்தாய் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது உப்பும் வெல்லமும் போட்ட தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். பிழைத்துக்கொண்டது. எல்லோரும் என்ன சொன்னார்கள் தெரியுமா? "எப்சி எழுதி அனுப்புச்சு, பிள்ள பொழச்சுக்கிருச்சு." பக்கத்தில் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாய் ஊட்டினவள் நான். பேர் உனக்கு. நான் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேனே!

காதை அறுக்க வரமாட்டேன்.

முத்துத்தாய்

*

மதுரை
3 பிப்ரவரி 1935

அக்கா,

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. வேலை இருந்தது என்று பெரியவருக்கு எழுதியிருந்தேன். வேலை இருந்தது உண்மை. ஆனால் வர முடியாத அளவுக்கு இல்லை. இன்னொரு தடவை அவள் என் காதைத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து போவதை என்னால் தாங்க முடியாது.

போன வாரம் இங்கே குழந்தைகள் காட்சி நடந்தது. கோச்சடையிலிருந்தெல்லாம் தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். மேடையில் வைத்துக் குழந்தையைக் குளிப்பாட்டிக் காட்டும் பொறுப்பு எனக்கு. யாரோ ஒருத்தியின் பெண்குழந்தை. ஈரம் துடைத்து, சட்டை போட்டு, மடியில் வைத்தேன். அது அப்படியே தூங்கிவிட்டது. கூட்டம் முழுக்கக் கைதட்டியது. "இந்தச் சகோதரிக்குத் தாய்மைக் கரம்" என்று துரைசானி அம்மாள் எழுந்து சொன்னார்கள். அக்கா, எனக்கு அந்த மேடையை விட்டு ஓடவேண்டும் போல் இருந்தது. ஊரான் பிள்ளையெல்லாம் என் மடியில் தூங்குகிறது.

நீங்கள் எழுதியது சரி. காது விஷயம் துரைசானி அம்மாள் சொன்னதல்ல. பொறாமையில் நானே எழுதினேன். பொறாமை என்றால் சின்னதாக நினைக்காதீர்கள். இங்கே சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், இந்நேரம் நீங்கள் அவளுக்கு ஊட்டுவீர்கள் என்று தோன்றும். சோறு இறங்காது. உங்களுக்குக் காய்ச்சல் வந்து, அவள் என்னிடம் வந்துவிட மாட்டாளா என்றுகூட ஒருநாள் நினைத்தேன். நான் தாய்மாருக்குப் போதிக்கப் போகிறவள்!

காதை அறுக்க வேண்டாம். உங்கள் காது உங்களுக்கே இருக்கட்டும்.

ஏப்ரல் கடைசியில் எனக்கு வாடிப்பட்டியில் வேலை. ஓர் அறை, சமைக்கச் சின்ன இடம், வாசலில் வேப்பமரம். சுகிர்தத்தைக் கூட்டிப்போக வருவேன். அவள் வருவாளா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எப்சிபாள்

*

வேலாங்குளம்
12 பிப்ரவரி 1935

எப்சி,

உன் கடிதம் வந்தபோது நான் இரண்டு காதிலும் தையலோடு உட்கார்ந்திருந்தேன். அறுத்தாகிவிட்டது.

நீ சொன்னதற்காக அறுக்கவில்லை, அந்தப் பெருமை உனக்கு வேண்டாம். பெரியவர்தான் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், "இந்தக் காது தொங்குற வரைக்கும் பிள்ள அவகூடப் போகாதுடி. நீ விடணும்னு நெனச்சாலும் அது விடாது" என்று. பிள்ளையைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. என் கொழுந்தன் பெற்ற பிள்ளை, நீ சுமந்தது. கொடுக்கத்தான் வேண்டும். உன் வாசலில் அவள் ராத்திரி ராத்திரி கத்திச் சாகவேண்டாம் என்று, மனம் மாறுவதற்குள் மதுரைக்கு பஸ் ஏறிவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து உன் விடுதிச் சுவர் தெரிந்தது. வந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உன்னை அடித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் காதுக் கட்டைப் பார்த்துப் பயந்தாள். படுத்ததும் கையைக் கொண்டுவந்தாள். தேடினாள். "பெரியம்மா, காது எங்கிட்டுப் போச்சு?" என்று கேட்டாள். விடியவிடிய அழுதாள். மறுநாளும் அழுதாள். சரி, இனி என்னை விட்டுவிடுவாள், போன காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தநாள் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

அறுத்தும் பிரயோசனம் இல்லை. உன்னிடம் மறைக்கமாட்டேன், எனக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்து வலிக்க வலிக்கச் சிரித்தேன். பெரியவர் விழித்துப் பார்த்து, "கிறுக்குப் புடிச்சுப் போச்சா?" என்றார்.

ஏப்ரலில் வா. துணிமணி மூட்டை கட்டிவைக்கிறேன். நீ வருகிற அன்று நான் களை எடுக்கப் போய்விடுவேன். பெரியவர் பஸ் ஏற்றிவிடுவார்.

முத்துத்தாய்

*

வாடிப்பட்டி
20 மே 1935

அக்கா,

சொன்னபடியே வீட்டில் இல்லாமல் போய்விட்டீர்கள். சுகிர்தம் பஸ்ஸில் ஏறும்வரை சிரித்துக்கொண்டு வந்தாள். நீங்கள் முன்னாலேயே போய் உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைத்தாளாம். ஏறி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதவேண்டாம்.

இங்கே வந்து இத்தனை நாளாகியும் சரியாகச் சாப்பிடுவதில்லை. வாயைத் திறந்தால் "பெரியம்மா எப்ப வரும்?" என்கிறாள். "நாளைக்கு வரும்" என்கிறேன். பிள்ளைகளிடம் பொய் சொல்லக்கூடாது என்று வியாழக்கிழமை சங்கத்தில் பாடம் நடத்தினேன். அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். இருளாயி என்று ஒருத்தி, வாய் நீளம். "பிள்ள வளக்கச் சொல்லிக் குடுக்க வந்த அம்மா பிள்ளையே எலும்பும் தோலுமா இருக்கு" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை.

ராத்திரியில் என்னைத் தொடமாட்டாள். சுவர்ப்பக்கம் திரும்பி, தன் கன்னத்தைத் தானே பிடித்துக்கொண்டு தூங்குகிறாள். எனக்கு இப்போது யார்மேல் பொறாமைப்படுவது என்றும் தெரியவில்லை.

நான் தோற்றுவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் வந்து இருங்கள். நீங்கள் இருக்கும்போது அவள் என்னிடம் பழகிக்கொள்வாள். வருவீர்களா? வருகிறேன் என்று ஒரு கார்டு போடுங்கள், அதை அவளிடம் காட்டுகிறேன்.

எப்சிபாள்

*

வேலாங்குளம்
27 மே 1935

எப்சி,

கடிதம் கிடைத்தது. பெரியவர் உடனே "கெளம்பு, நானும் வாரேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டார். நான்தான் உட்கார வைத்தேன்.

இங்கே சங்கத்தில் ஒரு சண்டை. பிள்ளை போன மறு சனிக்கிழமை நான் வழக்கம்போல் பாயை விரித்தேன். ராமக்காள் எல்லார் முன்னாலும், "இது தாய்மார் சங்கந்தான? இப்ப முத்துத்தாய்க்கு ஏது பிள்ள?" என்று கேட்டாள். நான் பாயைச் சுருட்டினேன். செல்லத்தாய் எழுந்து வந்து பாயைப் பிடுங்கி மறுபடி விரித்தாள். "எம்பிள்ளைய மடியில வையி, அப்ப நீயும் தாய்தான்" என்று கொண்டுவந்து போட்டாள். வைத்துக்கொண்டு பாடம் சொன்னேன். நல்ல பிள்ளை. நம் பிள்ளை வாசனை இல்லை. வேறு என்ன சொல்ல?

அவள் சாப்பிட ஒரு வழி இருக்கிறது. நீ கூட்டிப்போன அன்றைக்கு ராத்திரியே பெரியவர் அதை உனக்கு எழுதச் சொன்னார். நான் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அவள் பட்டினி கிடந்தால் நீ என்னிடம் கொண்டுவந்து விடுவாய் என்று நினைத்தேன். எலும்பும் தோலும் என்று நீ எழுதியதைப் படித்த பிறகு அந்த நினைப்பை என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. அதனால் கேட்டுக்கொள். தட்டில் போட்டு ஊட்டாதே. நீ சாப்பிட உட்கார். அவளைக் கூப்பிடாதே, அவள் பக்கம் பார்க்கவும் பார்க்காதே. உன்பாட்டுக்குச் சாப்பிடு. அவளாக வந்து உன் தொடையில் ஏறி உட்கார்ந்து, உன் கையிலிருந்து பிடுங்கித் தின்பாள். ஊட்டினால் அவளுக்குப் பிடிக்காது, பிடுங்கினால்தான் பிடிக்கும். முதல் தடவை நேரமாகும். பொறுத்துக்கொள். சோற்றில் உப்புக் கொஞ்சம் கூடவே போடு.

அப்படி மடியில் ஏறினாளானால் அன்றைக்கே உன்னிடம் தூங்கவும் தூங்குவாள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

"நாளைக்கு வரும்" என்று இனிச் சொல்லாதே. வராது என்று சொல்லிவிடு. அழட்டும், நீ பக்கத்தில் இரு.

நான் வரமாட்டேன். வந்தால் அந்த ஒரு வாரம் அவள் உன்னிடம் பழகமாட்டாள். நான் பஸ் ஏறக் கிளம்பும்போது செருப்பில்லாமல் என் பின்னால் ஓடிவருவாள். நீ வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாய். அதைப் பார்க்க எனக்கு எம்புட்டு ஆசை இருக்கிறது என்று எனக்குத் தெரியும் எப்சி. அதனால்தான் வரமாட்டேன் என்கிறேன்.

முத்துத்தாய்